ராட்டைக்கு யார் கூலி தருவது?

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்வதற்கு முன்னால் நிமிடக் கணக்குப் போடுவார்கள். தோள் இணைக்க இத்தனை விநாடி, கழுத்துப்பட்டி வைக்க இத்தனை, கை மடித்தடிக்க இத்தனை, பிசிர் வெட்ட, செக்கிங் பார்க்க, அயர்ன் போட, பாலிதீன் கவருக்குள் மடித்து வைக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. எஸ்.ஏ.எம். என்று மூன்றெழுத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நிமிடத்தைக் காசாக்கி, நூல், சாயம், கரண்ட், லாபம் எல்லாவற்றையும் சேர்த்த பிறகுதான் வெளிநாட்டு வியாபாரிக்கு மெயில் போகும். வியாபாரி அடித்துப் பேசுவான், அது வேறு கதை. ஆனால் எதிலிருந்து அடித்துப் பேசுகிறான் என்பது இரு தரப்புக்கும் தெரியும். அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய பவானியில் ஒரு ஜமக்காளத்துக்கு இப்படி ஒரு கணக்கு கிடையாது. சென்னிமலையில் கைத்தறிப் போர்வைக்கும் கிடையாது. அங்கே இருப்பது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும். அந்த உருப்படிக்குள் எத்தனை பேருடைய எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. கைத்தறி விலை அதிகம் என்று நாம் முகம் சுளிப்பதற்கும், தறிக்காரர் கூலி போதவில்லை என்று புலம்புவதற்கும் காரணம் ஒன்றுதான். இந்தப் பொருள்கள் விலை கூடியவை அல்ல. பாதி வேலையைக் கணக்கில் சேர்க்காமல் விலை குறைக்கப்பட்டவை.

சேர்க்காமல் விட்ட அந்தப் பாதி எது என்பதைத் தறி வீட்டில் பார்த்தால் தெரியும். சாயம் தோய்த்து வரும் நூல் சிட்டமாக வரும். அதை உதறிப் பிரித்து, ராட்டையில் ஏற்றி, நாடாவுக்குள் வைக்கும் தார்களாகச் சுற்ற வேண்டும். பாவு நீட்டிக் கட்ட வேண்டும். பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு முறுக்கிப் பிணைக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகே தறிக்காரர் குழிக்குள் காலை இறக்கி மிதிபலகையில் வைக்கிறார். ஜமக்காளத்தில் ஊடை நூல்தான் முகம். பாவை முழுவதும் மூடும் அளவுக்கு அதை அடித்து நெருக்க வேண்டும். பட்டை மாறும் இடத்திலெல்லாம் நிறுத்தி, நூல் மாற்றி, அளவு பார்த்துத் தொடர வேண்டும். அகலம் கூடினால் ஒருவர் கை எட்டாது, இன்னொரு ஆளும் வேண்டும். இதில் உருப்படிக் கூலியின் கண்ணுக்குத் தெரிவது நெய்த துணி மட்டுமே. ராட்டை சுற்றிய மாமியாரும், பள்ளிக்கூடம் விட்டு வந்து தார் எடுத்துக் கொடுத்த பெண்ணும், பாவு பிணைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரும் அந்தக் கூலிக்குள்ளேயே அடக்கம். 2019-20ஆம் ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு இந்தத் துணைவேலை செய்பவர்களைத் தனியாகவே எண்ணியது. நாடு முழுவதும் நெசவாளர் 26.73 லட்சம், துணைத்தொழிலாளர் 8.48 லட்சம். அரசாங்கத்தின் பேரேட்டில் தனிப் பத்தியாக நிற்கும் இவர்கள், ஜமக்காளத்தின் விலையில் மட்டும் ஒரு பத்தியும் இல்லாமல் போகிறார்கள். நம் பக்கம் தறியில் ஆணும் பெண்ணும் உட்காருகிறார்கள். ராட்டையில் உட்காருவது பெரும்பாலும் பெண்கள்தான். கணக்கில் வராமல் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொன்னது. நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. வீட்டுத் தேவைக்குப் பகுதிநேரமாக நெய்யும் வடகிழக்கு மாநிலக் குடும்பங்களும் இதில் சேர்த்தி என்பதால் இந்த எண்ணை அப்படியே பவானிக்குப் பொருத்தக் கூடாது. இருந்தாலும் ஓர் ஒப்பீடு செய்து பார்க்கலாம். 2025-26ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். ஒரே ஒருவர் மாதத்தில் பதினைந்து நாள் மண்வெட்டி எடுத்தால் 5,040 ரூபாய். நான் சொல்வது மண்வெட்டி வேலை மட்டம் என்றல்ல. ஆனால் கைப்பழக்கம் கூடிவர ஆண்டுகள் பிடிக்கும் ஒரு தொழிலில், ஒரு குடும்பமே மாதம் முழுக்க உழைத்துப் பெறுவது அதற்கும் கீழே என்றால், எங்கோ விலை தப்பாகப் போடப்பட்டிருக்கிறது.

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் அனுமானம், நிரப்பும் முறைதான் முக்கியம். ஒரு ஜமக்காளத்துக்கு நெசவு ஒன்றரை நாள், தாரும் பாவும் சேர்ந்த முன்வேலை அரை நாள் என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கும் சாயத்துக்கும் 500 ரூபாய். நாளுக்கு அந்த 336 ரூபாயையே கூலியாக எடுத்துக்கொண்டால், நெசவுக்கு 504, முன்வேலைக்கு 168. மொத்தம் 1,172. சங்கத்தின் செலவும் கடையின் லாபமும் சேர்த்து 30 சதவீதம் வைத்தால் விற்பனை விலை சுமார் 1,520 ரூபாய். முன்வேலையை விட்டுவிட்டு இதே கணக்கைப் போட்டால் சுமார் 1,305. வித்தியாசம் 220 ரூபாய்க்கும் குறைவு. கைத்தறியின் 'நியாய விலை' என்று நாம் பயந்துகொண்டிருக்கும் பூதம் இவ்வளவுதான். வீட்டில் வருஷக்கணக்கில் கிடக்கும் ஒரு விரிப்புக்கு இந்த 220 ரூபாயைத் தர முடியாத நிலையில் கல்யாண மண்டபத்துக்கு லட்சக்கணக்கில் வாடகை கட்டும் கொங்கு நாட்டு நடுத்தரக் குடும்பம் இல்லை. கேட்கப்படவில்லை, அதனால் தரவில்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் நம் தள்ளுபடிப் பழக்கம். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இந்த மாநிலத்துக் கைத்தறிக்குச் செய்திருப்பது சாதாரணமல்ல. அது இல்லாவிட்டால் பல சங்கங்கள் எப்போதோ பூட்டியிருக்கும். ஆனால் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி என்ற பலகை ஆண்டுக்காண்டு தொங்கித் தொங்கி, கைத்தறியின் உண்மையான விலை தள்ளுபடி போக மிச்சம்தான் என்று வாங்குபவர் மனதில் பதிந்துவிட்டது. மேலே போட்ட கணக்கில் 1,520 ரூபாய் கைக்கு வர வேண்டுமானால், அட்டையில் 2,170 என்று அச்சிட்டுவிட்டு 30 சதவீதம் குறைக்க வேண்டும். அந்த 2,170ஐப் பார்ப்பவர் 'அப்பா, என்ன விலை' என்கிறார். 1,520க்கு வாங்கியதும் 'நல்ல லாபம்' என்கிறார். இரண்டுமே உண்மையில்லை. அச்சிட்ட விலையைக் கூட்டாமல் தள்ளுபடி தந்தால் அரசு ஈடுகட்டும் பணத்துக்காகச் சங்கம் காத்திருக்க வேண்டும், அந்தப் பாக்கி தாமதமாவது பழைய முறையீடு. பணம் நின்றால் நூல் வாங்குவது நிற்கும், நூல் நின்றால் தறி நிற்கும். தள்ளுபடிக்குச் செலவழிக்கும் அதே பணத்தை முன்வேலைக் கூலியாக நேரே கொடுத்தால் என்ன என்று கேட்க வேண்டிய நேரம் இது.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது ஒன்று உண்டு. விலையை ஏற்றினால் விற்பனை குறையும், விற்பனை குறைந்தால் இப்போது கிடைக்கும் அரைக் கூலியும் போய்விடும், ஆக நல்லது செய்யப்போய்க் கெடுதல் செய்கிறீர்கள் என்பது. சங்கச் செயலாளர்களும் சொந்தமாக நூல் கொடுத்து நெய்ய வைக்கும் முதலாளிகளும் இதைத்தான் சொல்வார்கள். அவர்களை வில்லன்களாக்கி ஒதுக்க முடியாது. விற்காத சரக்கைக் கட்டிவைத்துக்கொண்டு அடுத்த வாரக் கூலிக்குப் பணம் புரட்டுபவர்கள் அவர்கள்தான். ஆனால் இந்த மறுப்பு ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: கைத்தறி ஜமக்காளத்தின் போட்டி இன்னொரு நேர்மையான பொருள் என்ற அனுமானம். நடப்பது அதுவல்ல. சோலாப்பூர் போன்ற ஊர்களில் விசைத்தறியில் நெய்த விரிப்பு இங்கே வந்து 'பவானி ஜமக்காளம்' என்ற பெயரில் விற்கிறது என்பது பவானித் தறிக்காரர்களின் நெடுநாள் புகார். இதை ஜமக்காளத்தில் வடிகட்டின பொய் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் கிடைக்காது. கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டு, ஒன்று 1,500, ஒன்று 600 என்றால், வாங்குபவர் 600ஐ எடுப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. இரண்டும் ஒன்று என்று சொல்லப்பட்டிருக்கும்போது அதுதான் புத்திசாலித்தனம். இந்தச் சூழலில் வரும் விலையைச் சந்தை விலை என்று மரியாதையாக அழைக்க வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி ஜமக்காளம், படுக்கை விரிப்பு உட்படக் குறிப்பிட்ட ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது. விசைத்தறி உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தொடக்கத்தில் 22ஆக இருந்த ரகங்கள் பிறகு 11ஆகச் சுருங்கின, அதிலும் ஜமக்காளம் தப்பித்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம். எழுதிய காலத்தில் அது பெரிய தொகை. இன்றைக்கு அதைத் தொழில் செலவில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். 2005-06இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே ஆண்டில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கும் கிடைத்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிரைண்டர் வாங்குபவர் கம்பெனிப் பெயரையும் பில்லையும் பார்த்து வாங்குகிறார். ஜமக்காளத்தில் பார்க்க ஒன்றுமில்லை, கடைக்காரர் வாய்ச்சொல்தான். 2006இல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை ஒட்டினால் ஒட்டலாம், ஒட்டாவிட்டாலும் விற்கலாம். முத்திரை இல்லாததைச் சந்தேகிக்கும் பழக்கம் வாங்குபவருக்கு வராதவரை அந்த முத்திரை அலங்காரம்தான்.

இதைச் சரியாகச் செய்த ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்கே இருக்கும் தீவுக் கூட்டத்தில் நெய்யும் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணிக்கு 1910இலேயே முத்திரை பதிவு செய்தார்கள். 1993இல் பிரிட்டன் நாடாளுமன்றம் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. தீவுக்காரர்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்தால் மட்டுமே அந்தப் பெயர். துணி பரிசோதிக்கப்பட்ட பிறகே முத்திரை விழும். நூல் நூற்பதையும் கடைசிச் சலவையையும் அங்கே மில் செய்கிறது, அதை அவர்கள் மறைப்பதில்லை. எது கை, எது இயந்திரம் என்று கோடு போட்டுச் சொன்னார்கள், அவ்வளவுதான். துணி விலை கூடியதுதான். ஆனாலும் அதை வாங்குபவர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில்லை. பவானிக்கும் சென்னிமலைக்கும் வேண்டியது இந்தக் கறார்த்தனம். அதோடு ஒரு படி மேலே போய், அட்டையில் விலைக்குப் பக்கத்தில் கூலியையும் அச்சிட வேண்டும் என்பேன்: நெசவுக்கு இவ்வளவு, முன்வேலைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு. வியாபார ரகசியம் வெளியே போய்விடும் என்பவர்கள் திருப்பூரைப் பார்க்கட்டும். அங்கே வெளிநாட்டு பிராண்டுகள் ஏற்றுமதியாளரின் காஸ்டிங் ஷீட்டை வரி வரியாகப் பிரித்துக் கேட்கின்றன, தொழில் மூழ்கிவிடவில்லை.

விலை கூடினாலே கூலி கூடிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் இந்தப் பிரிப்பு தேவை. ஜமக்காளத் துணியில் கைப்பை, தலையணை உறை, ஜாக்கெட் என்று தைத்து நகரத்துக் கடைகளில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பை எவ்வளவுக்கு விற்றாலும் தறி வீட்டுக்குப் போவது அதே உருப்படிக் கூலி என்றால், உயர்ந்தது வடிவமைப்பாளரின் பங்கு மட்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் பழந்துணியை ஒட்டுப்போட்டுத் தைத்த ரஜாய்கள் 2002இல் அருங்காட்சியகச் சுவருக்கு ஏறின, உலகமே கொண்டாடியது. 2007இல் அந்தப் பெண்களில் சிலர், விற்ற பணத்தில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று நீதிமன்றம் போனார்கள். புகழ் மட்டும் போதாது என்பதை அவர்கள் வழக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு மறுப்பு ஏழைகளின் பெயரால் வருவது. பாயும் போர்வையும் எல்லாருக்கும் வேண்டும், 300 ரூபாய்க்கு விசைத்தறிப் போர்வை கிடைக்கும்போது கைத்தறியைத் தலையில் கட்டலாமா என்பார்கள். கட்ட வேண்டாம். விசைத்தறிப் போர்வையை விசைத்தறிப் போர்வை என்றே விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்களே கூலி உயர்வு கேட்டு 2022இலும் 2025இலும் தறியை நிறுத்திப் போராடினார்கள்; மலிவு விலைக்கான பணத்தை அங்கேயும் ஒருவர் தன் வயிற்றிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறார். ஒன்றை ஒத்துக்கொள்ளவும் வேண்டும். எல்லாக் கைத்தறி ரகத்தையும் விலையால் காப்பாற்ற முடியாது. கோடு போட்ட சாதாரணப் படுக்கை விரிப்பிலும் துண்டிலும் கரூரின் தறிகளோடு கைத்தறி மல்லுக்கு நிற்பது வீண் என்றே எனக்குப் படுகிறது. கை செய்யும் வேலை கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற ரகங்களில்தான் நியாய விலை நிற்கும். கனத்த ஜமக்காளம் அப்படிப்பட்டது. பத்மஸ்ரீ எம்.பி.நாச்சிமுத்து போன்றவர்கள் கூட்டுறவின் வழியே பெயர் வாங்கிக் கொடுத்த சென்னிமலையின் சில ரகங்களும் அப்படித்தான்.

பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்களே, தொழில் தானாக ஓய்ந்துவிடாதா என்றும் கேட்கலாம். பெருந்துறை சிப்காட்டுக்கும் திருப்பூர் கம்பெனி பஸ்ஸுக்கும் போவது அவர்கள் உரிமை. யாரையும் தறிக்குழியில் கட்டிப்போட வேண்டியதில்லை. 2009-10இல் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் பத்தாண்டில் 35.22 லட்சமாகக் குறைந்தார்கள். ஆனால் சரியான கூலி கொடுத்துப் பார்த்த பிறகும் ஓய்ந்தால் அது ஓய்வு. அரைக் கூலி கொடுத்துவிட்டு, பார்த்தீர்களா யாரும் வரவில்லை என்பது வேறு.

அரசு உதவியும் விலைக்குள் வராமலேயே சுற்றி வருகிறது. 2023இல் கைத்தறிக்கு இலவச மின்சாரம் 200லிருந்து 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 750லிருந்து 1,000 யூனிட்டாகவும் உயர்ந்தது. தறிக்காரருக்கு லைட்டும் ஃபேனும் எரிய 300 யூனிட் உதவும், மறுக்கவில்லை; தறியை ஓட்டுவது அவர் கால். போட்டியாளருக்கு ஓடுவதற்கே இலவச மின்சாரம். வரியிலும் இதே கோணல். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளுக்கும், போர்வை போன்ற வீட்டுத் துணிகளுக்கும், பஞ்சு வைத்துத் தைத்த பருத்தி ரஜாய்க்கும் உருப்படி 2,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. விலை கூடியதெல்லாம் ஆடம்பரம் என்பது இந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். இயந்திரம் தைத்த ரஜாய் எளிதாகக் கோட்டுக்குக் கீழே நிற்கும். நாள் கணக்கில் கையால் தைத்ததோ, தைத்தவருக்கு நியாயமான கூலி கொடுத்த குற்றத்துக்காகவே கோட்டைத் தாண்டி 18க்குப் போகும். கைத்தறிக்கும் கைவேலைக்கும் விலை பார்க்காமல் ஒரே 5 சதவீதம் என்று வைப்பதால் கஜானா காலியாகிவிடாது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், நான் தனி வாங்குபவரிடமிருந்து தொடங்க மாட்டேன். மொத்தமாக வாங்குபவர்களிடமிருந்து தொடங்குவேன். விடுதிகள், மருத்துவமனைகள், கோயில் மண்டபங்கள், பள்ளிக்கூடங்கள் என்று அரசும் அறநிலையத்துறையும் வாங்கும் விரிப்பும் போர்வையும் கொஞ்சமல்ல. டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்ற விதி, முன்வேலைக் கூலியை விட்டுவிட்டவருக்கும் விசைத்தறிச் சரக்கைக் கைத்தறி என்று எழுதிக் கொடுப்பவருக்கும்தான் சாதகம். கைத்தறிக்கான டெண்டரில் விலைப்புள்ளியோடு கூலிப் பிரிப்பையும் கட்டாயமாக்கி, நாளுக்கு நூறு நாள் வேலைக் கூலிக்குக் கீழே போகும் விலைப்புள்ளியை எடுத்த எடுப்பிலேயே நிராகரிக்கலாம். நெசவுக்கு எத்தனை மணி, ராட்டைக்கு எத்தனை மணி என்று ரகவாரியாக ஒருமுறை அளந்து வைக்க வேண்டும். கைத்தறித் துறையிடம் ஆட்கள் இருக்கிறார்கள், நிமிடம் அளக்கத் தெரிந்தவர்கள் திருப்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அளந்து முடிக்கும்போது என் அரை நாள் அனுமானம் குறைவாகப் போட்டது என்று தெரியவந்தால், 220 ரூபாய் 300 ஆகலாம். அப்போது அந்த 300ஐப் பற்றிப் பேரம் பேசிக்கொள்ளலாம்.